பாஸ்வேர்டு போட்டதும் லேப்டாப் திணறுதா? எல்லா ஆப்பையும் ஒரே நேரத்துல எழுப்பாதீங்க!

ஒன்பது மணிக்கு ஆன்லைன் இன்டர்வியூ. 8.55-க்கு லேப்டாப்பை ஆன் பண்ணி, பாஸ்வேர்டும் போட்டாச்சு. டெஸ்க்டாப் வந்துடுச்சு. வால்பேப்பர் தெரியுது, மவுஸ்கூட நகருது. ஆனா, பிரவுஸரை க்ளிக் பண்ணினா ஒண்ணும் நடக்கலை. மறுபடியும் க்ளிக். அப்பவும் இல்லை. நாலாவது க்ளிக்குக்கு அப்புறம் திடீர்னு நாலு பிரவுஸர் விண்டோ ஒண்ணா திறக்குது. மணி 9.01.

பழைய லேப்டாப் வெச்சிருக்கிற எல்லோருக்கும் இது பழகின கதைதான். சமீபத்துல இந்தக் கூட்டம் இன்னும் பெருசாகியிருக்கு. 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11 கேட்கும் பிராசஸரும் பாதுகாப்பு சிப்பும் பல பழைய லேப்டாப்களில் இல்லை. அதனால், 'புதுசு வாங்குற வரைக்கும் ஓட்டுவோம்' என்று லினக்ஸுக்கு மாறியவர்கள் நிறைய. தமிழ்நாட்டுக்கு லினக்ஸ் அந்நியமும் இல்லை. 2011-ல் தமிழ்நாடு அரசு தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் மாணவர்கள் கைக்கு வந்த பல லேப்டாப்களில், விண்டோஸோடு 'பாஸ் லினக்ஸ்'ஸும் சேர்ந்தே வந்தது.

லினக்ஸுக்கு மாறியும் லாக்-இன் ஆனதும் திணறுதுன்னா, லேப்டாப்புக்கு வயசாயிடுச்சுன்னு உடனே முடிவு கட்டிடாதீங்க. பெரும்பாலும் பிரச்னை வயசுல இல்லை, வரிசையில இருக்கு. அந்த வரிசையைச் சரிபண்ண பத்து நிமிஷம் போதும். பைசா செலவு இல்லை.

ஆன் ஆவது வேற, தயாராவது வேற

பவர் பட்டனை அழுத்தியதிலிருந்து நீங்கள் வேலையைத் தொடங்குவது வரை இரண்டு கட்டங்கள் இருக்கின்றன. பவர் பட்டனிலிருந்து பாஸ்வேர்டு கேட்கும் திரை வரை முதல் கட்டம். பாஸ்வேர்டு போட்டதிலிருந்து பிரவுஸர் ஒழுங்காகத் திறப்பது வரை இரண்டாவது கட்டம். 'லேப்டாப் ஆன் ஆகவே அஞ்சு நிமிஷம் ஆகுது' என்று புலம்பும் பலருக்கும், அதில் பெரும்பகுதியைத் தின்பது இந்த இரண்டாவது கட்டம்தான்.

அந்த நேரத்தில் உள்ளே என்ன நடக்குது? நீங்கள் லாக்-இன் ஆனதும், 'இவர் வந்ததும் யாரையெல்லாம் எழுப்பணும்?' என்று லினக்ஸ் ஒரு பட்டியலைப் பார்க்கிறது. வைஃபை ஐகான், ப்ளூடூத், பேட்டரி, அப்டேட் பார்க்கும் ஆப், சாட் ஆப், கிளவுட் சிங்க், கேம் ஸ்டோர் என எல்லாமே அதில் இருக்கும். தாமதம் எதுவும் குறிப்பிடவில்லை என்றால், ஏறக்குறைய எல்லோரையும் ஒரே நேரத்தில் எழுப்பிவிடும். ஒரே பாத்ரூம் உள்ள வீட்டில் எட்டுப் பேருக்கும் ஆறு மணிக்கு அலாரம் வைத்த கதைதான்.

உங்க போன்லயும் இதைப் பார்க்கலாம். ஸ்விட்ச் ஆஃப் பண்ணி ஆன் பண்ணினதும் முதல் ஒரு நிமிஷம் போன் மந்தமா இருக்கும், நோட்டிஃபிகேஷன் மொத்தமா கொட்டும். ஆண்ட்ராய்டும் லினக்ஸ் கெர்னலில் ஓடுவதுதான். ஆனா, போனில் இந்த வரிசை பெரும்பாலும் உங்க கையில இல்லை. லேப்டாப்பில் இருக்கு.

அந்த பாத்ரூம் எது?

பழைய லேப்டாப்களில் அது பெரும்பாலும் ஹார்டு டிஸ்க். எஸ்.எஸ்.டி வருவதற்கு முந்தைய லேப்டாப்களில், நிமிடத்துக்கு 5,400 முறை சுற்றும் ஹார்டு டிஸ்க்தான் பரவலாக இருந்தது. ஒரு சுற்றுக்கு 11 மில்லி விநாடி. தேவையான தகவல் படிக்கும் முனைக்குக் கீழே வந்து சேர, சராசரியாக அரைச் சுற்று காத்திருக்கணும். அதோடு, முனை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நகரும் நேரமும் உண்டு. கணக்குப் போட்டால், இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கும் தகவல்களை ஒரு விநாடிக்கு நூறு முறைகூட எடுக்க முடியாது. எஸ்.எஸ்.டி-யில் சுற்றும் பாகமே இல்லை, அதே வேலையை அது விநாடிக்குப் பல ஆயிரம் முறை செய்யும்.

ஒரு ஆப் திறக்க நூற்றுக்கணக்கான சின்னச் சின்ன ஃபைல்கள் தேவைப்படும். எட்டு ஆப் ஒரே நேரத்தில் கேட்டால், அந்த முனை எட்டுப் பக்கமும் ஓடிக்கொண்டே இருக்கும். ஒவ்வொன்றாகத் திறந்தால் ஆகும் மொத்த நேரத்தைவிட, எல்லாம் ஒன்றாகத் திறந்தால் ஆகும் நேரம் அதிகமாகிவிடும். நீங்க அவசரமா க்ளிக் பண்ணின பிரவுஸர், ஒன்பதாவது ஆளா வரிசையில போய் நிக்கும்.

முதல்ல பட்டியலைப் பாருங்க

லினக்ஸ் மின்ட் என்றால், மெனுவில் 'ஸ்டார்ட்அப் அப்ளிகேஷன்ஸ்' என்று தேடுங்கள். உபுண்டுவின் பல பதிப்புகளிலும் இதே பெயர்தான். எக்ஸ்.எஃப்.சி.இ டெஸ்க்டாப்பில் 'செஷன் அண்ட் ஸ்டார்ட்அப்' என்ற பகுதிக்குள் 'அப்ளிகேஷன் ஆட்டோஸ்டார்ட்' இருக்கும். கே.டி.இ-யில் 'சிஸ்டம் செட்டிங்ஸ்' போய் 'ஆட்டோஸ்டார்ட்' பாருங்க.

அங்கே 'இது எப்ப உள்ள வந்துச்சு?' என்று கேட்க வைக்கும் பெயர்கள் இரண்டு மூன்றாவது கண்டிப்பாக இருக்கும். பல ஆப்கள் இன்ஸ்டால் ஆகும்போதோ, முதல்முறை திறக்கும்போதோ தங்கள் பெயரைத் தாங்களே இந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளும்.

இப்போ அந்தப் பட்டியலை மூணா பிரிங்க.

முதல் வகை, உடனே வேணும். வைஃபை, சவுண்டு, பேட்டரி, தமிழ் டைப்பிங் போன்றவை.

இரண்டாவது வகை, வேணும், ஆனா உடனே வேண்டாம். கிளவுட் சிங்க், அப்டேட் பார்க்கும் ஆப், சாட் ஆப், கிளிப்போர்டு ஆப், டெஸ்க்டாப்பில் நேரமும் வெப்பநிலையும் காட்டும் விட்ஜெட் போன்றவை.

மூன்றாவது வகை, தானா வரவே வேண்டாம். வாரத்துக்கு ஒருமுறை விளையாடும் கேமின் ஸ்டோர், எப்பவோ ஒரு மீட்டிங்குக்காக இன்ஸ்டால் பண்ணின ஆப், வீட்டில் பிரின்டரே இல்லாதபோது பிரின்டருக்காக ஓடும் ஆப் போன்றவை.

மூன்றாவது வகைக்குத் தாமதம் தேவையில்லை, ஆஃப் பண்ணினா போதும். முடிந்தவரை அந்த ஆப்பின் செட்டிங்ஸுக்குள்ளேயே போய், 'கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது திற' என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். பட்டியலில் மட்டும் நீக்கினால், சில ஆப்கள் அடுத்தமுறை திறக்கும்போது மறுபடியும் பெயரைச் சேர்த்துக்கொள்ளும்.

தாமதம் என்கிற மருந்து இரண்டாவது வகைக்குத்தான்.

மின்ட்டில் ரொம்ப ஈஸி

லினக்ஸ் மின்ட்டின் சின்னமன் டெஸ்க்டாப்பில் இதற்கு கமாண்டு எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. 'ஸ்டார்ட்அப் அப்ளிகேஷன்ஸ்' பட்டியலில் ஓர் ஆப்பைத் தேர்ந்தெடுத்து, எடிட் பட்டனை அழுத்துங்கள். பெயர், கமாண்டு ஆகியவற்றோடு, எத்தனை விநாடி தாமதம் என்று கேட்கும் பெட்டியும் இருக்கும். அதில் 30 என்று போட்டு சேவ் பண்ணுங்க. அவ்வளவுதான். மேட்டே டெஸ்க்டாப்பிலும் இதே வசதி உண்டு.

மின்ட்டை உருவாக்கியவர்களே இந்த உத்தியைப் பயன்படுத்துகிறார்கள். அதன் அப்டேட் மேனேஜர், லாக்-இன் ஆனதும் எழாமல் சில விநாடிகள் பொறுத்துத்தான் வரும்படி வைக்கப்பட்டிருக்கிறது. புது அப்டேட் இருக்கிறதா என்று அரை நிமிஷம் கழித்துப் பார்த்தால் என்ன குடி முழுகிப்போகுது?

மற்ற டெஸ்க்டாப்பில்?

உபுண்டு, எக்ஸ்.எஃப்.சி.இ போன்றவற்றில் தாமதத்துக்கென தனிப் பெட்டி இல்லை. அதற்கும் ஒரு குறுக்கு வழி இருக்கு. லினக்ஸில் 'ஸ்லீப்' என்று ஒரு குட்டி கமாண்டு உண்டு. பெயருக்கேற்ற மாதிரி, சொன்ன விநாடிகள் தூங்குவது மட்டும்தான் அதன் வேலை. அது தூங்கி எழுந்த பிறகு ஆப் திறக்கட்டும் என்று சேர்த்து எழுதிவிட வேண்டியதுதான்.

முதலில், பட்டியலில் இருக்கும் ஆப்பைத் திறந்து அதன் கமாண்டு பெட்டியில் உள்ளதை அப்படியே காப்பி பண்ணிக்கொள்ளுங்கள். பிறகு அந்தப் பழைய பதிவின் டிக்கை எடுத்துவிட்டு, புதிதாக ஒன்றைச் சேருங்கள். புதியதன் கமாண்டு பெட்டியில், ஆங்கிலச் சின்ன எழுத்துகளில் இந்த வரிசையில் டைப் பண்ணணும்:

எஸ், ஹெச் என்ற இரண்டு எழுத்து, ஓர் இடைவெளி, ஒரு ஹைஃபன், ஒட்டினாற்போல சி என்ற எழுத்து, மறுபடி ஓர் இடைவெளி. இப்போது இரட்டை மேற்கோள் குறியைத் திறந்து, ஸ்லீப் என்ற சொல், இடைவெளி, 30 என்ற எண், ஒரு செமிகோலன், இடைவெளி, நீங்க காப்பி பண்ணின கமாண்டு. கடைசியில் மேற்கோள் குறியை மூடுங்க.

இரண்டு இடங்களில் கவனம் வேணும். ஒன்று, அந்த மேற்கோள் குறி. வாட்ஸ்அப்பிலிருந்தோ வேர்டு ஃபைலிலிருந்தோ காப்பி பண்ணினால் வளைந்த மேற்கோள் குறி வந்துவிடும், கமாண்டு வேலை செய்யாது. கீபோர்டில் நேரடியாக டைப் செய்வதுதான் சரி. காப்பி பண்ணின கமாண்டுக்குள்ளேயே இரட்டை மேற்கோள் குறி இருந்தால், வெளியே ஒற்றை மேற்கோள் குறி போடுங்க. இரண்டு, எஸ்.ஹெச் என்று தொடங்கும் முதல் பகுதி. 'எதுக்கு இது?' என்று அதை விட்டுவிட்டு ஸ்லீப் என்று மட்டும் எழுதினால், பின்னால் இருக்கும் ஆப்பின் பெயரையும் ஸ்லீப் தனக்கு வந்த தூங்கும் நேரம் என்றே நினைத்துக் குழம்பிவிடும். ஆப் வரவே வராது.

கே.டி.இ-யில் இதே கமாண்டை ஒரு சின்ன ஸ்கிரிப்ட் ஃபைலாக சேவ் பண்ணி, ஆட்டோஸ்டார்ட் பகுதியில் 'லாக்-இன் ஸ்கிரிப்ட்' ஆகச் சேர்க்கலாம். அந்த ஃபைலின் பிராப்பர்ட்டீஸில், அது இயங்க அனுமதி கொடுத்திருக்கணும். கே.டி.இ-யில் இன்னொன்றும் பார்க்கணும். போனமுறை திறந்து வைத்த ஆப்களையெல்லாம் அடுத்த லாக்-இன்னில் மறுபடி திறந்து வைக்கும் பழக்கம் அதற்கு உண்டு. செஷன் செட்டிங்ஸில் 'காலி செஷனோடு தொடங்கு' என்று மாற்றினால், அந்தச் சுமையும் குறையும்.

எல்லாத்துக்கும் 30 போடாதீங்க

இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். ஆறு ஆப்புக்கும் 30 விநாடி என்று போட்டால், நெரிசல் தீராது, 30 விநாடி தள்ளிப்போகும், அவ்வளவுதான். நீங்கள் பிரவுஸரில் இன்டர்வியூ லிங்க்கைத் திறக்கும் நேரத்தில் அது வந்து நிற்கும். எட்டு மணி பஸ் கூட்டமா இருக்குன்னு ஊரே எட்டரை மணி பஸ்ஸுக்குப் போனா எப்படி இருக்கும்?

இடைவெளி விட்டுப் பிரிச்சுப் போடுங்க. உதாரணமாக, கிளிப்போர்டு ஆப்புக்கு 15, சாட் ஆப்புக்கு 45, அப்டேட்டுக்கு 90, கிளவுட் சிங்க்குக்கு 150 என்று வைக்கலாம். எஸ்.எஸ்.டி இருந்தால் பத்து விநாடி இடைவெளியே போதும். ஹார்டு டிஸ்க் என்றால் 30-லிருந்து 45 விநாடி விடுங்க. டிஸ்க்கை அதிகமா பிசையும் ஆப் எதுவோ, அது கடைசியில் வரட்டும்.

கிளவுட் சிங்க்கைக் கடைசியில் வைக்க இன்னொரு காரணமும் இருக்கு. மொபைல் ஹாட்ஸ்பாட்டில் ஓட்டுபவர் என்றால், லாக்-இன் ஆனதும் சிங்க் ஆப் நெட்டையும் சேர்த்து இழுக்கும். வீடியோ கால் ஆரம்பிக்கிற நேரத்துல முகம் உறைஞ்சுபோய் நிக்கிறதுக்கு அதுவும் ஒரு காரணமா இருக்கலாம். இரண்டரை நிமிஷம் தள்ளி வெச்சா, கால் தொடங்கியபின் அதை நிறுத்தி வைக்க உங்களுக்கு அவகாசம் கிடைக்கும். ஒரே ஒரு எச்சரிக்கை. இரண்டே நிமிஷத்துல வேலையை முடிச்சு லேப்டாப்பை மூடிட்டா, அன்னிக்கு சிங்க் நடந்திருக்காது.

சில ஆப்களுக்குத் தாமதம்தான் வைத்தியமே

வேகத்துக்காக மட்டும் இல்லை, சில ஆப்கள் சீக்கிரம் வந்துவிட்டாலும் பிரச்னைதான். மூலையில் ஐகானாக உட்கார வேண்டிய ஆப், அந்தப் பேனல் தயாராவதற்கு முன்பே வந்துவிட்டால், ஐகான் காணாமல் போய்விடும். ஆப் ஓடும், ஆனால் எங்கே என்று தெரியாது. வைஃபை கனெக்ட் ஆவதற்குள் திறக்கும் மெயில் ஆப், 'சர்வர் இல்லை' என்று எரர் காட்டும். 'காங்கி' போன்ற விட்ஜெட்டுகள் வால்பேப்பருக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும்.

இதற்காக ஆப்பையே அன்இன்ஸ்டால் பண்ணி மறுபடி போடுபவர்கள் உண்டு. பத்து, பதினைந்து விநாடி தாமதம் கொடுத்தாலே பல நேரங்களில் சரியாகிவிடும்.

இதுல மட்டும் கை வைக்காதீங்க

ஜாலியாக எல்லாவற்றையும் தள்ளிப்போடக் கூடாது. சிலது உடனே வந்தே ஆகணும்.

'பால்கிட்' என்று பெயரில் வரும் பதிவுகளை ஆஃப் செய்யாதீர்கள். இன்ஸ்டால், அப்டேட் போன்ற நேரங்களில் அட்மின் பாஸ்வேர்டு கேட்கும் பெட்டியைக் காட்டுவது அதுதான். அது இல்லையென்றால் பெட்டியே வராது, வேலையும் நடக்காது.

'கீரிங்' என்று வருபவை, சேமித்த பாஸ்வேர்டுகளைத் திறந்து தருபவை. 'நெட்வொர்க்' என்று வருவது வைஃபை ஐகான்.

தமிழில் டைப் பண்ணுபவர்கள் 'ஐபஸ்' அல்லது 'எஃப்சிட்டிஎக்ஸ்' என்ற பெயரைப் பார்த்தால் அப்படியே விட்டுவிடுங்கள். தமிழ்99 போன்ற கீபோர்டு அமைப்புகள் அதை நம்பித்தான் இருக்கின்றன. அது தாமதமாக வந்தால், அதற்கு முன்பே திறந்த ஆப்களில் தமிழ் வராமல் போகலாம்.

வி.பி.என் பயன்படுத்துபவர்கள் அதையும் தள்ளக் கூடாது. அது வருவதற்குள் மற்ற ஆப்கள் சாதாரண நெட் வழியாகவே வெளியே பேசத் தொடங்கிவிடும். பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்குத் திரையை வாசித்துக்காட்டும் ஸ்கிரீன் ரீடர், லாக்-இன் ஆன நொடியிலிருந்தே வேணும். வீட்டு லேப்டாப்பை வேறு யாராவது பயன்படுத்தினால், அவர்களுக்கு எது அவசியம் என்று கேட்டுவிட்டுக் கை வையுங்கள்.

பெயர் புரியவில்லையா? புரியாததைத் தொடாமல் விடுவதே நல்லது. நீங்களாக இன்ஸ்டால் செய்த ஆப்களை மட்டும் ஒழுங்குபடுத்தினாலே பாதி நெரிசல் குறைந்துவிடும்.

தப்பாயிடுச்சுன்னா?

பயப்பட வேண்டாம். லாக்-இன் பட்டியல் என்பது சின்னச் சின்ன டெக்ஸ்ட் ஃபைல்களின் தொகுப்புதான். நீங்கள் செய்யும் மாற்றம் உங்கள் ஹோம் ஃபோல்டருக்குள் மட்டும் பதிவாகும், சிஸ்டத்தின் மூலப் பட்டியல் மாறாது. ஃபைல் மேனேஜரில் கன்ட்ரோலையும் ஹெச்-ஐயும் சேர்த்து அழுத்தினால், மறைந்திருக்கும் ஃபோல்டர்கள் தெரியும். புள்ளியில் தொடங்கும் 'கான்ஃபிக்' ஃபோல்டருக்குள் 'ஆட்டோஸ்டார்ட்' என்று ஒன்று இருக்கும். மாற்றத் தொடங்கும் முன் அதை ஒரு காப்பி எடுத்து வையுங்கள். ஏதாவது சொதப்பினால், பழைய காப்பியைத் திரும்பப் போட்டு ரீஸ்டார்ட் பண்ணினா போதும்.

தாமதம் தீர்க்காத பிரச்னை

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். தாமதம் நேரத்தைப் பிரித்துக் கொடுக்கும், மெமரியைக் கூட்டிக் கொடுக்காது. இன்றைய சாட், மீட்டிங் ஆப்கள் பலவும் உள்ளுக்குள் ஒரு முழு பிரவுஸரையே சுமந்துகொண்டு வருபவை. 4 ஜி.பி ரேம் உள்ள லேப்டாப்பில் அப்படி மூன்றைத் திறந்தால், எவ்வளவு தள்ளித் தள்ளித் திறந்தாலும் கடைசியில் இடம் போதாது. ரேம் நிரம்பியதும் லினக்ஸ் டிஸ்க்கை ரேம் போல பயன்படுத்தத் தொடங்கும், மறுபடியும் திணறல்தான்.

லாக்-இன் ஆகி ஐந்து நிமிஷம் கழித்து 'சிஸ்டம் மானிட்டர்' திறந்து பாருங்க. எதுவும் திறக்காமலேயே ரேம் முக்கால்வாசி நிரம்பியிருந்தால், தாமதத்தால் பயனில்லை. இரண்டாவது வகையிலிருந்து சிலவற்றை மூன்றாவது வகைக்கு மாற்றுங்க. சாட்டை ஆப்பாக வைத்துக்கொள்ளாமல், பிரவுஸரில் ஒரு டேபாகத் திறந்தாலே போதுமா என்றும் யோசிங்க. அதற்கும் பிறகும் முடியவில்லை என்றால்தான் ரேம், எஸ்.எஸ்.டி என்று செலவைப் பற்றி யோசிக்கணும். அப்பவும் புது லேப்டாப் என்பது கடைசி வாய்ப்புதான்.

போன்ல ஸ்டாப்வாட்ச் எடுங்க

'கொஞ்சம் வேகமான மாதிரி இருக்கு' என்பது கணக்கில் சேராது. மாற்றுவதற்கு முன்பே அளந்து வையுங்கள். பாஸ்வேர்டு போட்டு என்டர் தட்டியதும் போனில் ஸ்டாப்வாட்ச்சைத் தொடங்கி, உடனே பிரவுஸரை க்ளிக் பண்ணி, ஒரு பக்கம் முழுசா திறந்ததும் நிறுத்துங்க. மாற்றியபின் அதே மாதிரி மறுபடி அளங்க.

ஒவ்வொருமுறையும் முழுசா ரீஸ்டார்ட் பண்ணியே பார்க்கணும். லாக்-அவுட் பண்ணி லாக்-இன் ஆனால், ஏற்கெனவே படித்த ஃபைல்கள் மெமரியில் இருக்கும், பொய்யான வேகம் காட்டும். மூன்று முறை பார்த்து, நடுவில் வரும் எண்ணை எடுத்துக்கொள்ளுங்க.

புது ஆப் ஒன்றை இன்ஸ்டால் செய்யும் நாளில், அந்தப் பட்டியலையும் ஒரு நிமிஷம் திறந்து பாருங்க. யார் புதுசா வந்து வரிசையில் நிக்கிறாங்க, அவங்களை எத்தனை விநாடி காக்க வைக்கலாம் என்பதை நீங்களே முடிவு பண்ணுங்க. அப்புறம், இன்டர்வியூ அன்னிக்கு மட்டும் 8.55-க்கு வேண்டாம், எட்டரைக்கே ஆன் பண்ணிடுங்க!